றிங்கர்: முறுக்கியா, பிழிபொறியா?

மட்டக்களப்புக் கல்லடியில் மாமி வீட்டுப் பின்விறாந்தையில் பழைய சலவை மெசின் ஒன்று இன்னும் நிற்கிறது. வெள்ளை எனாமல் தொட்டி. அதன் தலையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு றபர் உருளைகள், பக்கத்தில் ஒரு கைபிடி. துவைத்த உடுப்பின் நுனியை இடுக்கில் கொடுத்துக் கைபிடியைச் சுற்றினால், மறுபக்கம் அப்பளம் மாதிரித் தட்டையாக வெளியே வரும். தண்ணீர் தொட்டிக்குள்ளேயே வழிந்துவிடும். அந்த மேல்பகுதிக்கு மாமி வைத்திருக்கும் பெயர் ‘றிங்கர்’. மாமாவுக்கு அது ‘றோலர்’. போன மாதம் சாரம் ஒன்று நடுவில் நின்று வழுக்கத் தொடங்க, வீட்டில் எல்லாரும் ‘றபர் தேஞ்சிட்டு’ என்றார்கள். அதைத் திருத்தக் கொண்டு திரிந்தபோதுதான் இந்தச் சொற்களையும் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

‘றிங்’ (wring) என்ற ஆங்கில வினைக்கு வேர்ப்பொருள் திருகுதல். மோதிரத்துக்குச் சொல்லும் ‘றிங்’ வேறு, இது வேறு. பழைய ஆங்கிலத்திலேயே முறுக்குவது, நெரிப்பது, பிழிவது எல்லாவற்றையும் இந்த ஒரே சொல் சுமந்தது. ‘றோங்’, அதாவது பிழை, என்பதும் இதற்குச் சொந்தக்காரச் சொல்தான். கோணியது, திருகியது என்பது அதன் முதற்பொருள். தமிழில் பிழியையும் பிழையையும் பக்கத்தில் வைத்தால் அதே ஜோடி போலத் தெரியும். ஓசையை வைத்துச் சம்பந்தம் பேசக் கூடாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது மாமியின் மெசினைப் பாருங்கள். அது எதையும் முறுக்குவதில்லை. அமுக்குகிறது, அவ்வளவுதான். கையால் துணியை முறுக்கிய காலத்தில் வந்த பெயர், முறுக்காத மெசினுக்கும் ஒட்டிக்கொண்டது. தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. நூல் சாயம் போடும் இடத்தில், நனைந்த நூற்சிட்டத்தை முளையில் மாட்டி, மறுமுனையில் தடியைக் கொடுத்துத் திருகுவார்கள். மருதமுனைப் பக்கம் கைத்தறியோடு வளர்ந்தவருக்கு அது முறுக்கிப் பிழிவது. முறுக்கு வழி, பிழிவு பலன். தேசிக்காயை யாரும் முறுக்குவதில்லை, பிழிகிறோம். தேங்காய்ப்பூவைக் கைக்குள் பொத்திப் பிழிகிறோம். இடியப்பத்தை உரலில் பிழிகிறோம். முறுக்கு என்ற பலகாரத்தையே பிழியத்தான் வேண்டும்! ஆகவே இந்தக் கருவிக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறவர் ‘முறுக்கி’ என்று மொழிபெயர்த்தால் ஆங்கிலத்தின் பழைய கோணலையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்.

பிழி என்பது பழைய, செழிப்பான சொல். கள்ளுக்கும் தேனுக்கும் அதுவே பெயராக இருந்திருக்கிறது. பிழிந்து எடுத்ததெல்லாம் பிழி. இரண்டு உருளைகளுக்கிடையில் சாறு எடுக்கும் பொறிக்குத் தமிழில் இன்னொரு பெயரும் உண்டு: ஆலை. இன்று தொழிற்சாலை எதையும் ஆலை என்கிறோம்; முதலில் அது கரும்பு பிழியும் இடத்தையும் பொறியையுமே குறித்தது. ஐங்குறுநூறு ‘கரும்பின் எந்திரம்’ என்று சொல்லி, அதன் சத்தத்தை யானையின் பிளிறலோடு சேர்த்து வைக்கிறது. வாழைச்சேனைக் கடதாசி ஆலை, நெல் ஆலை என்பவற்றில் அந்தச் சொல் பொருள் விரிந்து நிற்கிறது. அம்பாறையில், ஹிங்குரானைச் சீனி ஆலையில் மட்டும் அது தன் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டது. கடதாசி ஆலையை அப்படி ஒதுக்கிவிடவும் முடியாது. ஈரக் கூழ்த்தாளை உருளைகளுக்கிடையில் விட்டுத் தண்ணீரை நெரித்து எடுப்பது கடதாசி செய்வதில் ஒரு கட்டம். மாமியின் றிங்கர் செய்வதும் அதே வேலைதான், சின்ன அளவில்.

பிரித்தானியர் இதே கருவியை ‘மாங்கிள்’ என்றும் சொல்வார்கள். அது ஒல்லாந்தச் சொல். இன்னும் பின்னால் போனால், கல்லெறியும் போர்ப்பொறிக்கு வழங்கிய கிரேக்கச் சொல்லில் போய் நிற்கும். ஒல்லாந்தர் 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள். கந்தோர், பாஸ் என்ற சொற்களை நமக்குத் தந்துவிட்டுப் போனார்கள், மாங்கிளைத் தரவில்லை. ஆனால் நம்முடைய ‘பொறி’யும் அதே பாதையில் வந்ததுதான். மதுரை மதில்மேல் இருந்த போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசையாகச் சொல்லும். சண்டைக்கு நின்ற சொல் இரண்டு ஊரிலும் வீட்டு வேலைக்கு வந்திருக்கிறது. எனக்குப் பிழிபொறி என்ற பெயர் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, றபருக்கு வருவோம். பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க உதவியதால் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயர். அந்தப் பயனை 1770 இல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதி வைத்தார். தேய்ப்பது என்று பேர் வாங்கியதைத்தான் நாம் தேய்ந்துபோயிற்று என்று தூக்கிக்கொண்டு அலைகிறோம். றகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் நம்முடைய பாடப்புத்தகங்கள் முன்னால் ஓர் இகரம் சேர்த்து ‘இறப்பர்’ என்று எழுதும். சின்ன வயதில் எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் யாரோ சாகப்போகிறார்கள் என்றே கேட்கும்.

சம்மாந்துறையில் நெல் ஆலை மெசின் திருத்தும் பாஸ் ஒருவரிடம் உருளைகளைக் கொண்டுபோனேன். வாங்கினார், பெருவிரல் நகத்தை றபரில் அழுத்தினார். நகம் இறங்கவில்லை. மேலே ஓட்டுத் தகடு மாதிரி மினுக்கம், நுனிகளில் மயிரிழை வெடிப்பு.

“இது தேயல்ல தம்பி. செத்துட்டு.”

தேய்ந்ததும் செத்ததும் வேறு வேறு என்றார். தேய்ந்த உருளை நடுவில் மெலிந்து இடுப்பு வைத்திருக்கும். செத்த உருளை பருமன் குறையாமல் இறுகி வழுக்கும். காற்றும் வெயிலும் காலமும் பட்ட றபர் அப்படித்தான் ஆகும். மேல்தோல் மட்டும் இறுகியிருந்தால், நனைத்த மெல்லிய உப்புத்தாளால் சுற்றிவரத் தேய்த்து மினுக்கத்தை எடுத்து, சவர்க்காரத் தண்ணியில் கழுவினால் கொஞ்சக் காலம் பிடிக்கும். மண்ணெண்ணெய் தொடக் கூடாது, றபர் ஊதிவிடும். எங்களுடையது உள்ளேயும் இறுகியிருந்தது. பழைய றபரை முழுதாக உரித்து, இரும்புத் தண்டைத் துருப் போக மினுக்கி, பசை பூசி, வேகாத றபர்த் தாளைச் சுற்றி, துணிப்பட்டியால் இறுக்கிக் கட்டி, நீராவியில் அவித்து, கடைசியில் கடைச்சல் மெசினில் அளவுக்குச் சீவ வேண்டும். அந்த அவிப்புத்தான் வல்கனைசுப்படுத்தல். றபரைக் கந்தகத்தோடு சூடாக்கும் அந்த வழிக்குச் சார்ள்ஸ் குட்இயர் 1844 இல் காப்புரிமை பெற்றார்.

ஒரு விசயத்தைப் பாஸ் இரண்டுதரம் சொன்னார்: இரண்டு உருளையும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். நெல் உரிக்கும் றபர் உருளைகளில் ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ கால்பங்கு வேகமாகச் சுற்றும். அந்த வேக வித்தியாசத்தில்தான் உமி கழரும். உங்களுடையது பற்சில்லால் பூட்டியது, ஒன்று மற்றதைவிடப் பருமனாகிவிட்டால் அங்கேயும் உரசல்தான். “பொறவு உடுப்புக்கும் உமி கழரும்,” என்று சிரித்தார்.

றோலருக்கு உருளை என்று தாராளமாகச் சொல்லலாம், அதில் விவாதமே இல்லை. குறளில் தேர் உருண்ட அதே உருள்தான். கணிதப் புத்தகம் அந்த வடிவத்துக்கே உருளை என்று பெயர் வைத்திருக்கிறது. ஆகவே உருளைச் சோடி பிழியுருளைகள், அவற்றோடு சட்டமும் திருகும் கைபிடியும் சேர்ந்த முழுக் கருவி பிழிபொறி. என் கணக்கு இதுதான்.

மாமி ஏற்கவில்லை. “இடியப்ப உரலும் பிழியிறதான். அதயும் பொறி எண்டா சொல்லப்போறாய்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. புது உருளைகளைப் பூட்டி, சேட்டின் பொத்தான்கள் உட்பக்கம் வரும்படி மடித்து நுனியை இடுக்கில் வைத்தார்.

“சுத்து மனே. மெல்ல. முடிஞ்சாப்போல மேல் திருகக் கழட்டி விடு, அழுத்திக்கொண்டு கிடந்தா றபர் தட்டையாப் போகும் எண்டு அந்தப் பாஸ் சொன்னவரெல்லோ.”