“நன்றாகத்தானே ஓடுகிறது” என்று சொல்லாதீர்கள்

இந்த மாதம் என்னிடம் இப்படிப் பழுதுக்கு வந்ததில் இது நான்காவது கணினி. குடும்பப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தால், ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் பொருளற்ற நான்கு எழுத்துகள். ஒரு படமும் திறக்கவில்லை. பக்கத்திலேயே மிரட்டல் கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி போதும். ஸ்டாப் அல்லது டிஜேவு என்று எங்கள் துறையில் சொல்லப்படும் ரான்சம்வேர் இது; கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நிரல். 2018-இல் இருந்து வீட்டுக் கணினிகளைத்தான் குறிவைக்கிறது; பெரும்பாலும் கிராக் செய்த, அதாவது காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காக உரிமப் பூட்டை உடைத்த, மென்பொருளோடு வருகிறது. கோப்புகளைப் பூட்டும்போது விண்டோஸ் அப்டேட் நடப்பதுபோல் ஒரு போலிப் பெட்டியைத் திரையில் காட்டும். இந்தக் கணினியின் சொந்தக்காரரும் அதை நம்பிப் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார்.

அவர் என்னிடம் கேட்டது: “ஆனால் நான் போட்ட அந்த கிராக் மென்பொருள் நன்றாகத்தானே ஓடுகிறது?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஓடத்தான் செய்யும். ஓடாவிட்டால் உங்களுக்குச் சந்தேகம் வரும், அழித்துவிடுவீர்கள். ஒருமுறை திறந்ததும் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைச் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்ளும் திருட்டு நிரல்களும் உண்டு. கணினி வேகம் குறையாது, திரை மாறாது. சில வாரங்கள் கழித்து மின்னஞ்சல் கணக்கு பறிபோகும்போது, அன்று போட்ட கிராக் யாருக்கும் நினைவிருக்காது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறதே என்பீர்கள். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்ததற்கு அடையாளமாக உலாவி வைத்திருக்கும் குக்கியையே எடுத்துப்போனால், திருடனிடம் யாரும் ஓடிபி கேட்கப்போவதில்லை. 2020-இல் தலைகாட்டிய ரெட்லைன் என்ற திருட்டு நிரல் இந்த வேலையைத்தான் செய்தது. 2024 அக்டோபரில் நெதர்லாந்துக் காவல்துறையும் அமெரிக்காவின் எஃப்பிஐயும் பிற நாடுகளோடு சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கின. ஆனாலும் இந்த வகை நிரல்கள் ஒழிந்தபாடில்லை.

அடுத்தது, “கிராக் என்றால் ஆன்டிவைரஸ் கத்தத்தான் செய்யும், அணைத்துவிட்டுப் போடு” என்ற அறிவுரை. சில நேரம் அது வெற்று எச்சரிக்கையாகவும் இருக்கலாம். எது வெற்று, எது உண்மை என்று உங்களால் பிரிக்க முடியுமா? பார்த்த மாத்திரத்தில் என்னாலேயே முடியாது. கிராக் வரும் ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு, அதையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பது எதற்கு? ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக! பழுதுக்கு வரும் கணினியில் நான் முதலில் திறப்பது, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலை. அதில் சேர்த்ததை அது சோதிக்காது. இந்தக் கணினியில் சி டிரைவ் முழுவதையுமே அதில் சேர்த்திருந்தார்கள். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், மின்னஞ்சலில் தொடங்கி. ஒவ்வொரு கணக்கிலும், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் அழுத்துங்கள். ஒரு ஸ்கேனை ஓட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள், விண்டோஸை முழுதாக அழித்து மறுபடி நிறுவுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். டிஜேவுவின் சில பழைய வகைகளுக்கு எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இலவசத் திறப்பு நிரல் வெளியிட்டிருக்கிறது; எல்லா வகைக்கும் அது உதவாது.

கிராக்குக்குப் பதிலாக இலவசமாகவே கிடைப்பவை உண்டு: எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ், படங்களுக்கு கிம்ப், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. அவரவர் தளத்திலிருந்தே இறக்குங்கள். பேக்கப் எடுத்த டிரைவை உடனே கழற்றிவிடுங்கள். இவருடைய பேக்கப் டிரைவ் செருகியபடியே இருந்தது. அதிலிருந்த படங்களும் போயின.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். பழுதுபார்ப்பவர் “என்ன நிறுவினீர்கள்?” என்று கேட்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இவர் ஒளிக்காமல் சொன்னதால் எங்கிருந்து வந்தது என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது. முந்தைய மூவரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் போயிற்று.