இருட்டும் அமைதியும் இலவசம் அல்ல: சின்ன பட்ஜெட் பேய்ப் படங்கள் சறுக்கும் இடங்கள்

கையில் பணம் குறைவா, பேய்ப் படம் எடு. கோடம்பாக்கத்தில் பழகிப்போன யோசனை இது. ஒரு பழைய பங்களா, நாலைந்து நடிகர்கள் போதும். பெரிய ஹீரோ வேண்டாம், பாட்டு வேண்டாம், வெளிநாட்டு லொக்கேஷன் வேண்டாம். மீதியை இருட்டும் அமைதியும் பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தப்புவது அங்கேதான். குடும்பப் படத்தில் லைட்டிங் முன்னே பின்னே இருந்தாலும் நடிப்பு காப்பாற்றிவிடும். பேய்ப் படத்தில் இருட்டும் அமைதியும்தான் சரக்கே. இரண்டும் சினிமாவில் செலவு பிடிக்கும் விஷயங்கள். பணம் இல்லையென்றால் அந்தச் செலவை நேரமாகக் கொடுத்தாக வேண்டும்.

2007-இல் ஓரன் பெலி எடுத்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை எல்லாத் தயாரிப்பாளர்களும் உதாரணம் காட்டுவார்கள். சுமார் 15,000 டாலர், 7 நாள் ஷூட்டிங், சொந்த வீடு. அந்த 7 நாளுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு வருடம் அவர் அந்த வீட்டைப் படத்துக்காகத் தயார் செய்தார், சுவருக்கு வேறு பெயின்ட் அடித்தார், கார்பெட் போட்டார் என்ற கதை மட்டும் பேச்சில் வருவதில்லை. படுக்கையறையில் ஸ்டாண்டில் நிற்கும் கேமரா, இரவுக்கு இரவு அதே ஃபிரேம். கதவு எங்கே, கட்டில் எங்கே என்பது பார்ப்பவருக்கு மனப்பாடமான பிறகு, அந்தக் கதவு கொஞ்சம் அசைந்தாலே போதும். அந்தப் படத்தைப் பார்த்து எடுக்கப்பட்ட பல படங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, கையில் பிடித்து ஆட்டும் கேமராவை மட்டும்.

இருட்டிலிருந்து தொடங்குவோம். இருட்டாகத் தெரிவது வேறு, வெளிச்சம் பற்றாமல் எடுப்பது வேறு. வெளிச்சத்தை 0-விலிருந்து 100 வரை அளந்து காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தில் ஃபிரேம் முழுவதும் 10-க்குக் கீழே கிடந்தால் அது இரவு அல்ல, வெறும் சேறு. இரவுக் காட்சியிலும் வெளிச்சமான ஒரு புள்ளி இருந்தால்தான் மற்ற இடம் இருட்டாகத் தெரியும். காமாட்சி விளக்கு, செல்போன் டார்ச், ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு, ஏதாவது ஒன்று 80-ஐ ஒட்டி இருக்கட்டும். முகத்தின் வெளிச்சப் பக்கம் 30-ஐ ஒட்டி, நிழல் பக்கம் 10-க்கு மேலே, பின்சுவர் 5-லிருந்து 10-க்குள். அந்தச் சுவரில்தான் ஏதோ அசைகிறதோ என்று கண் தேடும். அங்கே விவரமே பதியாமல் போனால், நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தும் டிஐ-யில் யாராலும் கொண்டுவர முடியாது. இழுத்துப் பார்த்தால் நாய்ஸ்தான், அதாவது புள்ளிப் புள்ளியான இரைச்சல்தான், எழும்பி வரும்.

சின்னப் படங்களில் இப்போது அதிகம் கையாளப்படும் சோனி எஃப்எக்ஸ்3 கேமராவுக்கு, பின்னால் நிறம் திருத்த வசதியான எஸ்-லாக்3 பதிவு முறையில், அடிப்படை ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) இரண்டு: 800, 12,800. இரவு என்றால் பயந்துகொண்டு நடுவில் 5,000, 6,400 என்று வைப்பார்கள். அங்கே நாய்ஸ் 12,800-ஐ விட மோசமாக இருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஏற்றபடி லைட்டைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். இன்னொன்று ஃப்ளிக்கர், அதாவது படத்தில் விளக்கு துடிப்பது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் கோணத்தை 180 டிகிரியிலிருந்து 172.8-க்கு மாற்றினால் 1/50 விநாடி கிடைக்கும், டியூப்லைட் துடிப்பு அடங்கும். மலிவான எல்இடி பல்பை டிம்மரில் குறைத்தால் இதற்கும் அடங்காமல் ஃபிரேமில் பட்டை பட்டையாக ஓடும். சீனில் எரியப்போகும் ஒவ்வொரு பல்பையும் டிம் செய்த நிலையிலேயே முதல் நாள் டெஸ்ட் ஷூட் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

நிலா வெளிச்சம் என்றால் லைட்டுக்கு முன் நீல ஜெலட்டின் தாளை மடித்துப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. 5,600 கெல்வின் லைட்டை வைத்து, கேமராவில் ஒயிட் பேலன்ஸை 4,300 பக்கம் வைத்தால் போதிய நீலம் தானாக வரும்.

கரன்ட் கணக்கை யாரும் போடுவதில்லை. பழைய பங்களாவில் 5 ஆம்பியர் பாயின்ட்தான் இருக்கும். 230 வோல்ட்டில் அது 1,150 வாட் தாங்கும். 600 வாட் வகை எல்இடி ஒன்று உண்மையில் இழுப்பது ஏறக்குறைய 700 வாட். இரண்டைச் சொருகினால் 1,400. ஃபியூஸ் போகும், ஃபியூஸில் தடித்த கம்பி கட்டியிருந்தால் வயரே எரியும். ஜெனரேட்டர் என்றால் வண்டியைக் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும், கேபிள் வாடகை கூடும். பக்கத்தில் நிறுத்தினால் லைவ் சவுண்ட் போச்சு. உள்ளே நடக்கும் இரவுக் காட்சிகளுக்கு நல்ல வழி, பகலிலேயே ஜன்னலுக்கு வெளிப்புறமாக இரண்டு மடிப்புக் கறுப்புத் துணி கட்டி எடுப்பது. யூனிட் தூங்கி வழியாது, இரவு வேலைக்கான கூடுதல் சம்பளமும் மிச்சம். துணி கட்டிய அறையில் காற்று வராது. ஃபாக் மெஷின் வேறு ஓடினால் மூச்சு முட்டும். ஷாட்டுக்கு ஷாட் கதவைத் திறந்துவிடுங்கள். திறந்தால் புகை குறையும், கன்டின்யூட்டி கெடும். அதனால் லாங் ஷாட், குளோஸ் என்று மாறி மாறிப் போகாமல், ஒரே அடர்த்திப் புகையில் வரும் ஷாட்களை ஒன்றாக முடித்துவிட வேண்டும்.

அடுத்து ஒலி. பட்ஜெட் குறைந்த பேய்ப் படங்கள் ஒலியில் கெடுவதைப் போல வேறு எதிலும் கெடுவதில்லை. காரணம் எளிது: ஷூட்டிங்கில் பணம் தீர்ந்துவிடும், ஒலிகளைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங்குக்கு மூன்று நாள் மிஞ்சும். பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரியும். ஆர்.ஆர். எனும் பின்னணி இசை முதல் ஃபிரேமிலிருந்து கடைசி வரை ஓடும். கதாநாயகி தண்ணீர் குடிக்கப் போனாலும் வயலின் இழுக்கும்.

திடுக்கிடுவது உடம்பின் அனிச்சைச் செயல். திடீரென்று ஏறும் சத்தத்துக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இமை மூடிக்கொள்ளும். சத்தம் எவ்வளவு பெரிது என்பதோடு, அதற்கு முந்தைய நொடிக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதும் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதும் முக்கியம். பேய் வருவதற்கு மூன்று விநாடி முன்பே 'ஊஊம்' என்று ஏறும் ஒலி போடுவது, வரப்போகிறது காதைப் பொத்திக்கொள் என்று தண்டோரா போடுவதுதான். இரண்டாவது தடவையே ஆடியன்ஸ் பழகிவிடுவார்கள்.

இதில் இன்னொரு வம்பு உண்டு. மிக்ஸிங் தியேட்டரில் ஃபேடரை, அதாவது ஒலி அளவுக் குமிழை, 7-இல் வைத்துக் கேட்டு முடிவு செய்கிறோம். ஊர்த் தியேட்டர்களில், படம் சத்தமாக இருக்கிறது என்று புகார் வந்ததும் 5-க்கு இறக்கிவிடுவார்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் இடையே ஏறக்குறைய 7 டெசிபல். திடுக்கிட வைக்க நீங்கள் போட்ட பெரிய சத்தம் அப்போதும் கேட்கும். ஆனால் கிசுகிசுப்பும், மாடியில் நகரும் காலடியும் ஃபேன் சத்தத்தில் மூழ்கிப்போகும். ஆக, கத்திக் கத்தி மிக்ஸ் செய்யும் படம் தன் மெல்லிய ஒலிகளைத் தானே கொன்றுகொள்கிறது.

அமைதி என்பது ஒலி இல்லாத இடம் அல்ல. ட்ராக்கை வெறுமையாக விட்டால் ஸ்பீக்கர் கெட்டுப்போனதாகத் தோன்றும். முதலில் இரவை நிரப்புங்கள்: சில்வண்டு, ஃபேனின் டக் டக், ஃபிரிட்ஜின் முனகல், தூரத்துச் சாலையில் லாரி. பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள். முதலில் லாரி போகட்டும். கரன்ட் போய் ஃபிரிட்ஜ் நிற்கட்டும்; ஃபேன் சுழற்சி மெதுவாகி ஓயட்டும். கடைசியில் சில்வண்டு சட்டென்று நிற்க வேண்டும். அந்த இடத்தில் இசையே தேவையில்லை. மிச்சமிருப்பது கதாபாத்திரத்தின் மூச்சு மட்டும்.

அந்த மூச்சையும் டப்பிங் அறையில் எடுத்தால் காதோரம் ஒட்டிக்கொண்டு கேட்கும், லாங் ஷாட்டில் பொருந்தாது. ஷூட்டிங் கடைசி நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒரு சின்ன ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் அந்த வீட்டையே பதிவு செய்யுங்கள்: ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிட ரூம் டோன் (யாரும் பேசாதபோது அறையில் கேட்கும் ஒலி), ஒவ்வொரு கதவும், ஒவ்வொரு படியும், செருப்போடும் வெறுங்காலோடும் நடை. ஒலி லைப்ரரியிலிருந்து எடுத்த அதே கிரீச் கதவும், பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்பில் பனிப்பிரதேச ஓநாய் ஊளையும் அப்போதுதான் ஒழியும்.

கதையில் நேரும் பிழைகளுக்குப் பட்ஜெட்டைக் குறை சொல்ல முடியாது. பேயால் என்ன முடியும், என்ன முடியாது, எந்த இடத்தோடு கட்டுப்பட்டது என்பதை ஸ்கிரிப்ட் வேலையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இடைவேளைக்கு முன் ஓர் ஆளை இருபது அடி தூக்கி எறிந்த பேய், கிளைமாக்ஸில் நாயகி ஒளிந்த மரக்கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். எல்லாம் முடியும் என்றால் பயம் இல்லை. என்ன எப்போது முடியும் என்றே தெரியவில்லை என்றாலும் பயம் இல்லை.

வீட்டின் வரைபடமும் அப்படித்தான். வெளிப்புறம் ஏற்காட்டில், உட்புறம் ஈசிஆரில் ஒரு வாடகை வீட்டில் என்று பிரித்து எடுக்கிறார்கள். வெளியே ஒற்றை மாடி, உள்ளே இரண்டு மாடி ஏறுகிறார்கள். வாசலில் இடப்பக்கம் திரும்பிய படிக்கட்டு, உள்ளே வலப்பக்கம். முதல் பத்து நிமிடத்துக்குள் பகல் வெளிச்சத்தில் வாசலிலிருந்து மாடி வரை வெட்டாமல் ஒரே ஷாட்டில் வீட்டைக் காட்டிவிட்டால், பிறகு 'மாடி அறை' என்றதுமே எத்தனை படி தாண்ட வேண்டும் என்று பார்ப்பவருக்குத் தெரியும். பாதிப் பயம் அந்தக் கணக்கில்தான் பிறக்கிறது.

2011-இல் 'காஞ்சனா', 2014-இல் 'யாமிருக்க பயமே', 'அரண்மனை' என்று பேயும் சிரிப்பும் கலந்த படங்கள் ஓடியதும், காமெடிக் கூட்டம் இல்லாமல் பேய்ப் படமே கிடையாது என்றாகிவிட்டது. சின்னப் படத்தில் அவர்களுடைய தினச் சம்பளம்தான் ஒலிக்கு வைத்திருந்த பணத்தைத் தின்கிறது. கூடவே இரண்டாம் பாதியில் பேய்க்கு இருபது நிமிட ஃபிளாஷ்பேக்: தப்பு செய்யாத பெண், மோசமான பண்ணையார், பாழுங்கிணறு. பேய் யார் என்று முழுசாகத் தெரிந்த நொடியிலிருந்து அது பேய் அல்ல, நியாயம் கேட்கும் இன்னொரு கதாபாத்திரம். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு எடுத்தால் சரி; அதன் பிறகும் அதே கதவுத் தட்டல்களால் பயமுறுத்தப் பார்த்தால் எடுபடாது.

கிராஃபிக்ஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு விநாடி ஷாட் என்றால் 96 ஃபிரேம். அப்படி 60 ஷாட் என்றால் 5,760 ஃபிரேம். இதைச் சின்ன ஸ்டுடியோவில் மூன்று வாரத்தில் கேட்டால் கறுப்புப் புகைதான் வரும். நிஜ ஆளை நிறுத்தி, ஃபோகஸுக்கு வெளியே, ஃபிரேம் ஓரத்தில், இசை இல்லாமல் இரண்டு விநாடி விட்டுவிடுவது மேல். மேக்கப் முகத்தோடு நின்றுவிடாமல் கழுத்து, காது, உள்ளங்கை, நகம் வரை போக வேண்டும்.

கண்ணில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கண்ணின் வெள்ளை முழுவதையும் மூடும் ஸ்க்லீரா லென்ஸ் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் அகலம். கண் மருத்துவரிடம் அளவு பார்க்காமல் ஆன்லைனில் வாங்கிப் போடுவது, ஒரே லென்ஸை டூப்புக்கும் மாட்டிவிடுவது, குழாய்த் தண்ணீரில் கழுவுவது, மூன்றும் கருவிழியில் புண் வரவைக்கும். அந்த லென்ஸ் போட்டவருக்கு ஓரப்பார்வை குறையும். மாடிப்படி, கிணற்றடி ஷாட்களில் ஃபிரேமுக்கு வெளியே கைப்பிடிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

கறுப்புப் பூனையோ நாயோ காக்கையோ வரும் காட்சிக்கு விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி தேவை. எடுத்து முடித்துவிட்டு சென்சாருக்குப் போகும்போது அலைவது வழக்கமாகிவிட்டது. 'ஏ' சான்றிதழ் வாங்கினால் அந்தப் பிரதியை அப்படியே டிவியில் போட முடியாது. சாட்டிலைட் விற்பனையை நம்பி எடுக்கும் படம் என்றால் ரத்தம் தெறிக்கும் ஷாட்களுக்கு எடிட்டிங்கில் மாற்று ஷாட் கையில் இருக்கட்டும்.

படம் முடிந்ததும் டிசிபி-யை (தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியை) மல்டிபிளெக்ஸில் மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழ வேண்டும் என்பது தரக்கணக்கு. பல்பு பழசான சிங்கிள் ஸ்கிரீனில் அது வராது, உங்கள் 10-க்குக் கீழ் இருட்டு அங்கே வெறும் கறுப்பு. ஓடிடி-க்குப் போனால் 8 பிட் கம்ப்ரஷனில் இருண்ட சுவர் வளையம் வளையமாக உடையும். டிஐ-யில் லேசாக கிரெயின் சேர்த்தால் அது குறையும். ரிலீஸுக்குப் பத்து நாளாவது முன்பு, சுமாரான ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் ஒரு ரீல் போட்டு, ஃபேடரை 5-இல் வைத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஒலியில் மட்டும் பிழை என்றால் டிசிபி-யில் ஒலிக் கோப்பை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். படத்தை மறுபடி என்கோட் செய்ய வேண்டியதில்லை.