தோலில் ரெண்டு ஓட்டை, உள்ளே பெரிய கிழிசல்

பெரிய நாய் ஒன்று பொமரேனியனை நெஞ்சோடு கவ்வி உதறிவிட்டுப் போகிறது. தூக்கிப் பார்த்தால் முடிக்குள் ரெண்டு சின்ன ஓட்டை, ரத்தம்கூட அதிகமில்லை. "பெரிசா ஒண்ணுமில்ல" என்று மஞ்சள்தூளை அப்பி வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம் பாருங்கள், ஆபத்தே அங்குதான்.

நாயின் தோல் தொளதொளவென்று இருக்கும். கோரைப்பல் இறங்கி, கடித்த நாய் தலையை உதறும்போது தோல் பல்லோடு சேர்ந்து நகர்ந்து கொடுத்துவிடும், ஆனால் அடியிலிருக்கும் தசைக்கு அந்த வசதி கிடையாது, அது கிழியும், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசையும் பிய்ந்துபோகும், சமயத்தில் எலும்பே முறியும். தலையணை உறையில் சின்ன ஓட்டை வழியாக விரலை விட்டு உள்ளே பஞ்சைக் கிளறினால் எப்படியோ, அப்படி.

அப்புறம் காற்று. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு; நுரையீரல் விரிந்து நிற்பதே அதனால்தான். அங்கே காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். நாய் படுக்காமல், கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி நின்று மூச்சு வாங்கும். காயத்தைச் சுற்றித் தொட்டால் பொரி மூட்டையை அழுத்தினாற்போல் நறநறத்தால் தோலுக்கடியிலும் காற்று ஏறிவிட்டது என்று பொருள்.

கால்நடை மருத்துவரிடம் போனால், போனவுடன் அவர் தையல் போடவில்லையே என்று கோபப்படாதீர்கள். முதலில் ஆக்சிஜன், வலி மருந்து. காயம் காற்றை உறிஞ்சினால் அதை மூடிக் கட்டுவார். பிறகு 7-க்கும் 9-க்கும் இடைப்பட்ட விலா இடைவெளியில் ஊசி செருகி சிரிஞ்சால் காற்றை இழுப்பார்; இழுக்க இழுக்க மூச்சு சீராவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எக்ஸ்ரே அதற்கப்புறம்தான், மூச்சுக்குத் திணறும் நாயைப் புரட்டிப் படுக்கவைத்துப் படமெடுப்பதே ஆபத்து. காற்று திரும்பத் திரும்பச் சேர்ந்தால் குழாய் வைக்க வேண்டியிருக்கும்.

நிலைமை தேறியதும் மயக்க மருந்து கொடுத்து, முடியை அகலமாக மழித்து, அந்தச் சின்ன ஓட்டையைப் பெரிதாகத் திறப்பார்கள். செத்த சதையை வெட்டி, சலைனால் கழுவி, நெஞ்சுச் சுவரைத் தைத்து, கசிவு வெளியேற வழி விடுவார்கள். மேல்தோலை மட்டும் தைத்தால் வாயிலிருந்து வந்த பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்களை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

நுரையீரலில் ரத்தம் கட்டியிருந்தால் முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் மூச்சு இன்னும் மோசமாகலாம். நல்லாத்தானே இருக்கு என்று அன்றிரவே கூட்டிவந்துவிட வேண்டாம்.

ரேபிஸ் தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் கடித்த நாயைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள், மறுபடி போடச் சொல்வார். தூக்கி வந்த உங்கள் கையில் கீறல் இருந்தால் சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, உங்கள் மருத்துவரையும் பாருங்கள்.