பைக் ஷாம்பு என்னதான் செய்கிறது?

"பாத்திரம் கழுவும் திரவத்தால் பைக்கைக் கழுவினால் துருப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்தத் திரவங்களைக் கெட்டியாக்கச் சமையல் உப்பைச் சேர்ப்பதுண்டு. அச்சம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. கணக்குப் போட்டுவிடலாம். நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பு என்றே வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் வாளியில் 20 மில்லி ஊற்றினால் சேரும் உப்பு 0.4 கிராம், அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராம். குளோரைடு லிட்டருக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராமைத் தொடும்போதுதான் குடிநீரில் உப்புச் சுவையே தட்டுப்படும். நன்றாக அலசிவிட்டால் உப்பைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்தத் திரவத்தின் குறை வேறு: பெயின்ட்டைக் காக்கப் பூசிய மெழுகையும் சேர்த்துக் கரைத்துவிடும். அவசரத்துக்கு ஒருமுறை பரவாயில்லை, வழக்கமாக வேண்டாம்.

பயப்பட வேண்டியது கடுங்காரக் கிளீனர்களுக்கு. அலுமினியம் ஈரியல்பு கொண்ட உலோகம். வலுவான அமிலமும் அதன் ஆக்சைடு படலத்தை அரிக்கும், வலுவான காரமும் அரிக்கும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்படி கிளீனரை எஞ்சின் மூடியில் தெளித்தால் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பும், உலோகம் வெளுத்து மங்கும். அந்தக் கறையைக் கழுவி எடுக்க முடியாது, பாலிஷ்தான் போட வேண்டும். லேபிளில் 'பிஎச் நியூட்ரல்' (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று போட்ட ஷாம்புவை வாங்கச் சொல்வது இதற்காகத்தான். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரை முன்பக்க விண்ட்ஷீல்டில் அடிக்கவே கூடாது. அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட்டோ அக்ரிலிக்கோதான். மங்கிப்போய் மயிரிழை விரிசல்கள் விடும்.

இனி ஷாம்பு. அதில் வேலை செய்வது பரப்புச் செயலி மூலக்கூறு. தலை நீரை நாடும். 12 கார்பன் அளவு நீளமுள்ள வால் எண்ணெயை நாடும். வால்கள் எண்ணெயைச் சூழ்ந்து மிசெல் என்ற உருண்டையாகி நீரோடு போய்விடும் என்று பள்ளிப் பாடம் முடித்துக்கொள்ளும். இதில் மிக அழகான கட்டம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

டேங்க்கில் ஒட்டிய எண்ணெய்ப் படலத்தின் ஓரத்தைப் பாருங்கள். எண்ணெய், பெயின்ட், நீர் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் இடம் அது. மூன்று இழுவிசைகள் அந்தக் கோட்டைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கின்றன: எண்ணெய்க்கும் பெயின்ட்டுக்கும் இடையே ஒன்று, நீருக்கும் பெயின்ட்டுக்கும் இடையே ஒன்று, எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே ஒன்று. வெறும் நீரால் பெயின்ட் மேல் பரவ முடியாது. அதனால் எண்ணெய் அசையாமல் படிந்து கிடக்கும். ஷாம்பு வந்ததும் மூலக்கூறுகள் நீர்-பெயின்ட் எல்லையில் போய் அடுக்கி நின்று அங்குள்ள இழுவிசையைக் குறைக்கின்றன. உடனே சமநிலை குலைகிறது. கோடு எண்ணெய்ப் பக்கம் நகர்கிறது, படலம் ஓரத்திலிருந்து உள்வாங்குகிறது, அதன் சேர்கோணம், அதாவது எண்ணெயின் விளிம்பு பெயின்ட்டோடு எண்ணெய்க்குள் அமைக்கும் கோணம், ஏறிக்கொண்டே போகிறது. 90 பாகையைத் தாண்டியதும் எண்ணெய் தட்டையாக இருக்க முடியாமல் திரண்டு உருள ஆரம்பிக்கிறது. 180 பாகையை நெருங்கினால் பெயின்ட்டைத் தொடும் இடமே ஏறத்தாழ இல்லாமல் போகும். லேசாக ஓடும் நீரே தள்ளிவிட்டுப் போய்விடும்.

அதே நேரத்தில் எண்ணெய்-நீர் எல்லையும் தளர்கிறது. தூய ஹைட்ரோகார்பன் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை மீட்டருக்கு 50 மில்லிநியூட்டன் அளவில் இருக்கும். நல்ல பரப்புச் செயலி அதை ஒற்றை இலக்கத்துக்கு இறக்கிவிடும். தலைகள் எதிர்மின்னூட்டம் கொண்ட வகையாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. அழுக்குத் துளியும் பெயின்ட்டும் ஒரே மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கும், கழன்ற அழுக்கு திரும்ப ஒட்டாது. இத்தனையும் கையின் வலுவைக் கேட்காமல் நடக்கிறது. கேட்பது நேரத்தை மட்டும்: மூலக்கூறுகள் அந்தக் கோடு வரை ஊர்ந்து வர வேண்டும். நுரை போட்டதும் தேய்க்கத் தொடங்காமல் 3 முதல் 5 நிமிடம் விடுங்கள், ஆனால் காயவிடாதீர்கள். ஷாம்புவை அள்ளி ஊற்றியும் பயனில்லை. சோடியம் லாரில் சல்பேட் என்ற பரப்புச் செயலியை எடுத்துக்கொண்டால், தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 2.3 கிராமைத் தாண்டிய பிறகு பரப்பு இழுவிசை மேற்கொண்டு குறைவதில்லை. கூடுதலாக ஊற்றியது மிசெல்லாகத் திரண்டு நிற்கும், அலசும் வேலைதான் கூடும். லேபிளில் சொன்ன அளவு போதும்.

மணலிடம் இந்த வித்தை பலிக்காது. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை போகும் மோ அளவில் 7. பெயின்ட்டின் மேலுள்ள கிளியர் கோட் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். காய்ந்த தூசி மேல் துணி வைத்தால், வெயிலில் வலைபோல மின்னும் வட்டக் கீறல்கள் விழும். ஆகவே முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டு மணலை இறக்குங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் நீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். மைக்ரோஃபைபர் துணி, மேலிருந்து கீழ். சக்கரத்துக்குத் தனித் துணி, அது கடைசியில். மேட் பெயின்ட் என்றால் மெழுகும் பாலிஷும் கிட்டவே வரக்கூடாது.

சூடாக இருக்கும் வண்டியில் தண்ணீர் ஊற்றாதே என்பார்கள். எஞ்சின் விரிசல் விடும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதைவிட நடைமுறையான காரணம் காற்றுதான். பிரேக் பிடித்துச் சூடேறிய சக்கர ஹப்பின் உள்ளே 77 டிகிரியில் காற்று அடைபட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். குளிர்ந்த நீர் பட்டு 27 டிகிரிக்கு இறங்கினால், கெல்வின் கணக்கில் 350 என்பது 300 ஆகிறது. அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைகிறது. வெளியே நிற்கும் நீர் சீல் வழியாக உள்ளே உறிஞ்சப்படும். பேரிங் கிரீஸ் நீரோடு கலந்து பால்போல் வெளுக்கும், சில மாதம் கழித்துச் சக்கரம் உறுமும். பிரஷர் வாஷரும் இதையே வெளியிலிருந்து செய்கிறது. அந்தச் சீல்கள் தெறிக்கும் மழைநீருக்காகச் செய்யப்பட்டவை, 100 பார் அழுத்தத்துக்காக அல்ல. பிரஷர் வாஷரைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் விசிறி நாசிலோடு அரை மீட்டராவது தள்ளி நின்று, ஹப், செயின், ஸ்டியரிங் தலை, சுவிட்சுகள், ரேடியேட்டர் துடுப்புகள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். சைலன்சர் வாயை அடைத்துக்கொள்வதும் நல்லது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் எடுக்க மறக்காதீர்கள்.

செயினுக்குத் தனி மருந்து. ஓ-ரிங் செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஆலையில் அடைத்த கிரீஸை அந்தச் சிறு ரப்பர் வளையங்கள்தான் காக்கின்றன. பெட்ரோலில் ரப்பர் உப்பிப் பாழாகும். மண்ணெண்ணெய் அல்லது 'ஓ-ரிங் சேஃப்' என்று குறித்த கிளீனர், மிருதுவான பிரஷ், இவை போதும். கம்பி பிரஷ் வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைப்பது விரலைப் பலிகொடுக்கும் வேலை.

நிழலில் வைத்து உடனே துடைத்துவிட வேண்டும். நீர்த்துளி லென்ஸாகி வெயிலைக் குவித்து பெயின்ட்டைப் பொசுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒளியியல் அதற்கு இடம் தரவில்லை. அரைக்கோளத் துளி ஒன்றின் குவியம் பெயின்ட்டுக்கும் கீழே, துளியின் ஆரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆழத்தில் விழும். வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம் கடின நீரின் கால்சியம் கார்பனேட். நீர் ஆவியாகிவிடும், அது தங்கிவிடும். நீர்த்த வினிகர் அதைக் கரைக்கும், உடனே அலசிவிடுங்கள்.

மெழுகு, சிலிகான் ஸ்பிரே, செயினுக்குப் போடும் மசகு எதுவும் பிரேக் டிஸ்க்கிலோ டயரிலோ படக்கூடாது. தவறிப் பட்டால் டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம், ஊறிப்போன பேடை மாற்றத்தான் வேண்டும். கழுவி முடித்ததும் காலியான இடத்தில் மெதுவாக ஓட்டி, முன் பின் பிரேக்குகளை நாலைந்து முறை மென்மையாகப் பிடியுங்கள். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உள்ள நீர்ப்படலம் உரசலின் சூட்டில் காய்ந்து, பிடிப்பு பழையபடி வந்த பிறகே சாலைக்கு எடுங்கள்.