பிராக்சி: பதிலியா, தடயமா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போக முடியாததால், எனக்காக ஓட்டுப் போட இன்னொருவரை அனுப்பும் ‘பிராக்சி’ படிவத்தில் கையெழுத்துப் போட்டு எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அதைப் பார்த்த மகள், “பவளத்தையும் பிராக்சின்னுதான் டீச்சர் சொன்னாங்க. அது யாருக்காகப்பா ஓட்டுப் போடுது?” என்றாள். நல்ல கேள்வி.

இலத்தீனில் ‘புரோகுராரே’ என்றால் ஒருவருக்காக ஒரு காரியத்தைப் பார்த்துக்கொள்வது. அதன் வழியில் வந்த ‘புரோக்குரசி’ ஆங்கிலத்தில் தேய்ந்து ‘பிராக்சி’ ஆனது. அறிவியலில் அது, வெப்பமானி இல்லாத காலத்தில் வெப்பமானியின் வேலையைப் பார்க்கும் பொருள்: மர வளையம், துருவப் பனிக்கட்டி, பவளம். பவளத்தின் சுண்ணாம்பில் கால்சியத்தோடு கொஞ்சம் ஸ்ட்ரோன்சியமும் சேரும். கடல்நீர் குளிரக் குளிர அதன் பங்கு கூடும். அந்த விகிதத்தை அளந்தால் அன்றைய கடலின் வெப்பம் பிடிபட்டுவிடும்.

நம் காலடியிலும் இது உண்டு. சிங்கப்பூரின் மரினா சவுத்தில் துளையிட்டு எடுத்த மண்ணில், சதுப்புநில மரங்கள் மக்கிய கருமண்ணை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அந்த மரங்கள் கடல்மட்டத்தை ஒட்டித்தான் வளரும். அதனால் கருமண் கிடந்த ஆழமும் அதன் வயதும் சேர்ந்து பழைய கடல்மட்டத்தைச் சொல்லிவிடுகின்றன. 9,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 7,000 ஆண்டுகளுக்கு முன்வரை, கடல் இங்கே ஏறத்தாழ 20 மீட்டர் ஏறியிருக்கிறது.

சரி, இதையெல்லாம் தோண்டி எடுத்து என்ன பயன்? கணினியில் ஓடும் பருவநிலை மாதிரிகளைச் சோதிக்கத்தான். கடந்த 150 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய மாதிரியை அதே பதிவுகளால் சோதிப்பது, வீட்டுப்பாடத்தில் வந்த கணக்கையே தேர்விலும் கேட்பது மாதிரி. பார்க்காத கணக்கு வேண்டும். சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முந்திய பனியுகம் அப்படி ஒன்று. அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் உருவாக்கிய சி.இ.எஸ்.எம்.2 மாதிரி, 20ஆம் நூற்றாண்டு வெப்பத்தை நன்றாகவே காட்டியது. பனியுகத்தில் இன்றைவிட 6 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர் என்று பிராக்சிகள் சொல்ல, அந்த மாதிரியோ 11 டிகிரிக்கு மேல் காட்டியது. மேகங்களைக் கணக்கிட்ட விதத்தில் கோளாறு இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

இனி தமிழ்ச் சொல். ‘பதிலி’ என்று எழுதுவோர் உண்டு. அதன் வேரான ‘பதில்’ அரபியின் ‘பதல்’ வழி வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. பொருள்தான் இடிக்கிறது. எதிர்வீட்டு அக்காவை நான் அனுப்பினேன். பவளத்தை யாரும் அனுப்பவில்லை. நடந்தது அதன் உடம்பிலேயே பதிந்து கிடக்கிறது. அதற்குத் ‘தடயம்’ என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது: பருவநிலைத் தடயம், பவளத் தடயம், மகரந்தத் தடயம். தடயத்தை வைத்து ஒரு மாதிரியை மடக்கலாம் என்பதும் சொல்லிலேயே விளங்கும். கூட்டத்துக்குப் போகிறவரைப் ‘பதிலாள்’ என்போம்.