பழைய வீட்டுக்குப் பழகிய மூளை

கணினித் திரையில் ஒரு முகம். முதலில் வெறும் புள்ளிக் கூட்டமாகத்தான் தெரியும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வரும். அது கோபமா, பயமா, சோகமா, சிரிப்பா என்று பார்க்கும் குழந்தை சொல்ல வேண்டும். சேத் பொல்லாக், பவன் சின்ஹா என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இது. அடி வாங்கி வளர்ந்த குழந்தைகள், படம் இன்னும் மங்கலாக இருக்கும்போதே கோபத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மற்றக் குழந்தைகளுக்குக் கூடுதல் தெளிவு தேவைப்பட்டது.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு திறமைதான். கதவு சாத்தப்படும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி விழுமா விழாதா என்று கணிக்க வேண்டிய வீட்டில், ஒரு நொடி முன்னதாகத் தெரிந்துகொள்வது குழந்தைக்குப் பெரிய பாதுகாப்பு. மூளை அந்த வீட்டுக்கு ஏற்றபடி தன்னைக் கூர்தீட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அந்த வீட்டை விட்டு வந்தாயிற்று. இன்றும் எதிரே இருப்பவர் சும்மா யோசனையில் முகத்தைச் சுருக்கினால்கூட அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது.

மேலே போவதற்கு முன் ஒரு சொல் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்ளலாம். பேச்சு வழக்கில் ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் இரண்டையுமே ‘மன அழுத்தம்’ என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு. நெருக்கடி வந்தால் உடலும் மூளையும் விழித்துக்கொண்டு எதிர்கொள்வது ஸ்ட்ரெஸ். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, தன்னையே வெறுத்துக் கிடக்கும் நோய்தான் டிப்ரெஷன். அதை இங்கே மனச்சோர்வு என்றே சொல்கிறேன். முதலாவது எப்படி இரண்டாவதற்கு வழி விடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

மூளையின் ஆழத்தில், இரு பக்கமும், பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தின் சாயல் தெரிந்தாலே அது முழித்துக்கொள்ளும். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு அச்சுறுத்தும் முகங்களைக் காட்டி ஸ்கேன் எடுத்தால், அமிக்டலா மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செயல்படுகிறது. எந்த மனநோயும் இல்லாமல் நன்றாக இருப்பவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அதாவது, நோய் வருவதற்கு முன்பே அந்தத் தடம் பதிந்திருக்கிறது.

அமிக்டலா குரல் கொடுத்ததும் ஒரு சங்கிலி ஓடத் தொடங்கும். ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். பிட்யூட்டரி, ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பும். அது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தட்டி எழுப்பி, கார்டிசாலைச் சுரக்க வைக்கும். கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார் செய்கிறது. இது வரை எல்லோருக்கும் ஒன்றுதான். முக்கியமான விஷயம் அடுத்து நடப்பது. அதே கார்டிசால் மூளைக்குத் திரும்பி வந்து, ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில், தன்னைப் பிடித்துக்கொள்வதற்கென்றே இருக்கும் ஏற்பிகள் என்ற புரதங்களில் ஒட்டிக்கொண்டு, “போதும், நிறுத்து” என்று சொல்கிறது. சங்கிலிக்கு இதுதான் பிரேக்.

அந்த பிரேக் எவ்வளவு வலுவாக இருக்கும் என்பது குழந்தைப் பருவத்தில் ஓரளவு தீர்மானமாகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழு தாய் எலிகளைப் பல ஆண்டுகள் கவனித்தது. சில தாய்கள் குட்டிகளை நிறைய நக்கிக் கொடுக்கும், சில குறைவாக. குறைவாக நக்கப்பட்ட குட்டிகளின் ஹிப்போகாம்பஸில், அந்த ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் மேல் மெத்தில் என்ற வேதிக்குறி கூடுதலாக ஒட்டியிருந்தது. அதனால் மரபணு மந்தமாகியது, ஏற்பிகள் குறைந்தன, பிரேக் தளர்ந்தது. அக்கறையான வேறொரு தாயிடம் குட்டியை மாற்றி வைத்தால் இந்தக் குறியும் மாறியது. 2004இல் வந்த இந்த முடிவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மரபணுவின் எழுத்து ஒன்றும் மாறவில்லை. வளர்ப்புதான் அதன் மேல் எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

சரி, எலிகள் இருக்கட்டும். கிறிஸ்டின் ஹைம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 49 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. சிறுவயதில் கொடுமையை அனுபவித்தவர்கள், அனுபவிக்காதவர்கள், இரண்டிலும் இப்போது மனச்சோர்வு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று நான்கு குழுக்கள். எல்லோரும் பார்வையாளர்கள் முன்னால் பேசி, சத்தமாக மனக்கணக்குப் போட வேண்டும். கொடுமைக்கு ஆளாகி இப்போது மனச்சோர்விலும் இருந்த பெண்களின் ஏசிடிஎச் எழுச்சி, இரண்டும் இல்லாத பெண்களைவிட ஆறு மடங்குக்கும் மேல் இருந்தது. சிறுவயதுக் கொடுமை இல்லாமல் மனச்சோர்வு மட்டும் இருந்தவர்களிடம் அந்தப் பாய்ச்சல் இல்லை. நோயின் பெயர் இருவருக்கும் ஒன்று. உள்ளே ஓடும் எந்திரம் ஒன்றாக இல்லை.

ஹிப்போகாம்பஸ் விஷயத்திலும் இதே கதைதான். 2002இல் மனச்சோர்வு உள்ள 32 பெண்களின் ஸ்கேன் படங்களை ஒப்பிட்டார்கள். அவர்களில் 21 பேர் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள். அவர்களுடைய இடது ஹிப்போகாம்பஸ், கொடுமைக்கு ஆளாகாத மற்ற மனச்சோர்வு நோயாளிகளைவிட 18 சதவீதம் சிறியதாக இருந்தது. அதற்கு முன்பு ‘மனச்சோர்வு ஹிப்போகாம்பஸைச் சுருக்குகிறது’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுருக்கத்தில் எவ்வளவு பங்கு பழைய காயத்துடையது என்ற கேள்வியை இந்த ஆய்வு எழுப்பியது.

இங்கே அவசரப்படக் கூடாது. போருக்குப் போய்வந்த வீரர்களையும் போருக்கே போகாத அவர்களுடைய ஒரே கருவில் உருவான இரட்டைச் சகோதரர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. போரின் அதிர்ச்சியால் வரும் மனநோய் (பிடிஎஸ்டி) கடுமையாக இருந்த வீரர்களின் ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருந்தது. வீட்டிலேயே இருந்த சகோதரருக்கும் அப்படியே. ஆகவே சிறிய ஹிப்போகாம்பஸ் சிலருக்குக் காயத்தின் விளைவாக இருக்கலாம், சிலருக்குக் காயம் ஆழப் பதிவதற்கான காரணமாகவும் இருக்கலாம். ஒரு ஸ்கேன் படத்தைக் காட்டி “பார், உன் மூளை சேதமாகிவிட்டது” என்று எந்தப் பெண்ணிடமும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

கொடுமை எந்த வயதில் நடந்தது என்பதற்கும் பங்கு உண்டு. சூசன் ஆண்டர்சனும் மார்ட்டின் டைக்கரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 18 முதல் 22 வயது வரையிலான இளம்பெண்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் 26 பேர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். கொடுமை 3 முதல் 5 வயதிலோ 11 முதல் 13 வயதிலோ நடந்திருந்தால் ஹிப்போகாம்பஸில் வேறுபாடு தெரிந்தது. 9, 10 வயதில் நடந்திருந்தால் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தில். 14 முதல் 16 வரை என்றால் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியில். எந்தப் பகுதி அப்போது மும்முரமாக வளர்ந்துகொண்டிருந்ததோ, அடி அங்கே விழுந்திருக்கிறது.

அந்த முன்மூளைப் புறணிதான் அமிக்டலாவைத் தட்டிக்கொடுத்து, “இது பழைய ஆள் இல்லை, பயப்படாதே” என்று சொல்ல வேண்டிய பகுதி. இருபதுகளின் நடுப்பகுதி வரை அதன் வளர்ச்சி நீளுகிறது. பூப்பெய்தும் வயதில் ஹார்மோன்களும் மாறுகின்றன. அமிக்டலாவிலும் ஹிப்போகாம்பஸிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன. அந்த வயதுக்கு முன் ஆண், பெண் குழந்தைகளிடம் மனச்சோர்வு ஏறக்குறைய ஒரே அளவுதான். அதற்குப் பிறகு பெண்களிடம் சுமார் இரண்டு மடங்காகிறது. ஹார்மோன் மட்டும் இதை விளக்கிவிடாது. பெண் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு அதிகம் ஆளாகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அன்றாட வாழ்க்கையில் இது எப்படித் தெரியும்? பாராட்டு வந்தாலும் மனதில் ஒட்டாது, ஏனென்றால் மகிழ்ச்சியைப் பதிவு செய்யும் சுற்றுகள் மந்தமாக இருக்கின்றன. நடந்ததையே மனம் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது நினைவில் நடக்கும் மாற்றம். ‘சந்தோஷம்’ என்ற சொல்லைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையில் ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்லுங்கள் என்று கேட்டால், மனச்சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் “சின்ன வயசுல விடுமுறைன்னா சந்தோஷமா இருப்பேன்” என்று பொதுவாகத்தான் சொல்வார். ஒரு நாள், ஒரு இடம், ஒரு முகம் வராது. நுணுக்கமாக நினைத்தால் வலிக்கும் என்பதால் மனம் அந்த ஆழத்துக்குப் போகாமல் பாதியிலேயே நின்றுவிடப் பழகியிருக்கிறது என்பது ஒரு விளக்கம். வலியோடு நல்ல நாட்களும் மங்கிப்போகின்றன. ‘எனக்கு எப்பவுமே இப்படித்தான்’ என்ற எண்ணத்தை மறுக்க ஒரு சாட்சி நாள்கூடக் கையில் இருப்பதில்லை.

சிகிச்சை வேலை செய்யுமா என்ற பயம் பலருக்கு உண்டு. சிறுவயதுக் காயம் இருந்தால் மருந்தும் பேச்சு சிகிச்சையும் பலிக்காது என்று மருத்துவர்களே சிலர் நினைத்ததுண்டு. 29 சிகிச்சை ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசல் 2022இல் வந்தது. காயத்தோடு வந்தவர்கள் தொடக்கத்தில் கூடுதல் கடுமையான நோயோடு வந்தார்கள். ஆனால் மற்றவர்கள் அளவுக்கே அவர்களும் குணம் கண்டார்கள்.

அப்புறம், பொதுவாகவே நின்றுவிடும் அந்த நினைவுக்கும் ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். சிகிச்சையாளர் ஒரு சொல் தருவார், உதாரணமாக ‘மழை’. மழை பிடிக்குமா என்ற பேச்சே கிடையாது. ஒரே ஒரு மழை நாள் வேண்டும். எங்கே நின்றிருந்தாய், பக்கத்தில் யார், என்ன வாசனை, கையில் என்ன இருந்தது? முதல் வாரம் பதில் பொதுவாகவே வரும். சில வாரங்கள் போனால் ஒரு நாள், ஒரு குடை, அதைப் பிடித்திருந்த ஒரு தோழியின் கை என்று வரத் தொடங்கும்.