உழவர் சந்தை அட்டை: காய்கறி போடுறவங்க கட்டாயம் வாங்கி வெச்சுக்கணும்

அரை ஏக்கர்ல கத்தரி, கால் ஏக்கர்ல வெண்டை, வாய்க்கா ஓரம் கீரைன்னு சொந்தமா காய்கறி போடுறவங்க நிறைய பேர் இன்னும் பறிச்ச காயை அப்படியே கமிஷன் மண்டிக்குத்தான் ஏத்திட்டு இருக்காங்க. பக்கத்து டவுன்லயே உழவர் சந்தை இருக்கும், ஆனா கேட்டா "அட்டை வாங்க அலைய விடுவாங்க"ன்னு சொல்லிட்டு விட்டுடுறாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன், ஏன்னா சின்ன அளவுல பண்றவங்களுக்கு இதை விட நேரடியா கைக்கு காசு வர்ற திட்டம் வேற இல்லைன்னு நான் உறுதியா நம்புறேன்.

1999 நவம்பர் 14ல மதுரை அண்ணா நகர்ல முதல் உழவர் சந்தையை கலைஞர் கருணாநிதி முதல்வரா இருந்தப்போ திறந்தாங்க. அதுக்கு முன்னாடியே பஞ்சாப்ல 1987ல அப்னி மண்டி, ஆந்திராவுல 1999 ஜனவரியில ரைத்து பஜார்னு இதே மாதிரி வந்தாச்சு. நடுவுல 2001க்கு அப்புறம் சில வருஷம் கவனிப்பு இல்லாம பல சந்தை படுத்துடுச்சு, 2006க்கு மேல திரும்ப எடுத்து நடத்தினாங்க. இப்போ கோவை ஆர்.எஸ்.புரம், சேலம் சூரமங்கலம், ஈரோடு சம்பத் நகர், திருச்சி தென்னூர்னு பல ஊர்ல காலைல போய் பாருங்க, நிக்க இடம் இருக்காது.

விஷயத்துக்கு வரேன். இதுல உங்களுக்கு என்ன கிடைக்குதுன்னா, விளைவிச்சவரே நேரா வாங்குறவர்கிட்ட விக்கலாம், நடுவுல யாரும் கிடையாது, கமிஷன் கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது, தராசு சந்தையிலயே இலவசமா குடுப்பாங்க, வியாபாரம் முடிஞ்சதும் திருப்பி ஒப்படைச்சுட்டு வந்துடலாம். விலையை தினமும் காலைல சந்தை ஆபீஸ்ல நிர்ணயம் பண்ணி போர்டுல எழுதிடுவாங்க, அதுல விவசாயிங்க தரப்பும் இருக்கும். மொத்த விலையை விட சுமார் 20 சதவீதம் கூட, வெளிய கடையில விக்கிற சில்லறை விலையை விட சுமார் 15 சதவீதம் கம்மி, இதுதான் அடிப்படை.

இதை ஒரு கணக்கா போட்டு பாத்தா நல்லா புரியும். தக்காளி மொத்த விலை கிலோ 20 ரூபா, வெளிய கடையில 28 ரூபான்னு வெச்சுக்கோங்க, சந்தை போர்டுல 24 கிட்ட வரும். அதே தக்காளியை மண்டியில போட்டா 20 ரூபால நூத்துக்கு பத்துன்னு கமிஷன் பிடிச்சா 18 ஆச்சு, அதுக்கப்புறம் இறக்குக்கூலி, சாக்கு எடைக்குன்னு ஒரு கழிவு, இதெல்லாம் போக சீட்டுல என்ன மிச்சம் இருக்குதோ அதுதான் நம்மளுது. கமிஷனை மட்டும் எடுத்துக்கிட்டாலே கிலோவுக்கு 6 ரூபா வித்தியாசம், 60 கிலோ வித்தா ஒரு காலைப்பொழுதுல 360 ரூபா கூட வருது. வாங்குறவங்களுக்கும் கிலோவுக்கு 4 ரூபா மிச்சம், அதனாலதான் அவங்களும் பையைத் தூக்கிட்டு விடியக்காலையிலயே வந்துடுறாங்க.

இப்போ அட்டை. இது இல்லாம உள்ள உக்கார முடியாது. கம்ப்யூட்டர் சிட்டா (நிலம் யார் பேர்ல இருக்குதுன்னு காட்டுற பதிவு), விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர்கிட்ட வாங்குற அடங்கல் (அந்த நிலத்துல என்ன பயிர் நிக்குதுன்னு காட்டுற பதிவு), ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ இதெல்லாம் எடுத்துட்டு போய் சந்தைக்குள்ளயே இருக்கிற ஆபீஸ்ல மனு குடுக்கணும். அதுக்கப்புறம் அதிகாரி உங்க தோட்டத்துக்கு நேர்ல வந்து, நீங்க சொன்ன நிலத்துல சொன்ன காய் உண்மையிலயே நிக்குதான்னு பாப்பாங்க. இங்கதான் நிறைய பேருக்கு இழுத்தடிக்குது, ஏன்னா அறுவடை எல்லாம் முடிஞ்சு ஓட்டிப்போட்ட காட்டை காட்டினா அவங்க என்னன்னு எழுதுவாங்க? செடி நல்லா நின்னு பூ பிடிக்கிற சமயத்துல மனு போடுங்க, வந்து பாக்கிறப்போ காய் கண்ணுல படணும். அடங்கல்லயும் அந்தப் பயிர் பேர் ஏறியிருக்கணும், காட்டுல கத்தரி நிக்குது, அடங்கல்ல இன்னும் போன வருஷத்து சோளமே இருக்குதுன்னா முதல்ல விஏஓவை பாத்து அதை சரி பண்ணிட்டு போங்க. பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கிறவங்களும் பேர் மாத்துற வேலையை முதல்ல ஆரம்பிச்சுடுங்க, இந்த அட்டைக்குன்னு இல்ல, மானியம், பயிர் இன்சூரன்ஸ்னு எதுக்கு போனாலும் அங்கதான் வந்து நிக்கும்.

அட்டையில வீட்டு ஆளுங்க பேரையும் போட்டோவையும் சேத்துக்கலாம், இதை மறந்துடாதீங்க. காட்டுல பறிக்கிறதும் சந்தையில விக்கிறதும் ஒரே ஆளால முடியாது, புருஷன் தண்ணி கட்ட போயிட்டா பொண்டாட்டியோ அம்மாவோதான் வந்து உக்காருவாங்க, அவங்க பேர் அட்டையில இல்லைன்னா உள்ள விடும்போது பிரச்சனை வரும்.

உங்க காட்டுல விளைஞ்சதை மட்டும்தான் விக்கணும். மண்டியில ரெண்டு மூட்டை வாங்கிட்டு வந்து இதுல விக்கிறது, அட்டையை வியாபாரிக்கு மாசத்துக்கு இவ்வளவுன்னு குடுக்கிறது, இதெல்லாம் கண்டுபிடிச்சா அட்டை போயிடும். போறது போகட்டும்னு விடுற விஷயம் இல்ல இது, வியாபாரி ஒருத்தர் உள்ள உக்காந்தா நிஜமா விளைவிச்சவர் ஒருத்தர் வெளிய ரோட்டுல உக்காருறார்னு அர்த்தம். அதனால அப்படி நடந்தா கண்ணால பாத்தவங்க ஆபீஸ்ல சொல்லணும். அதே மாதிரி நீங்க பயிரை மாத்தினா, கத்தரியை அழிச்சுட்டு பீர்க்கன் பந்தல் போட்டீங்கன்னா, அதையும் சொல்லி பதிஞ்சுடுங்க, அட்டையில கத்தரின்னு இருந்து கூடையில பீர்க்கன் இருந்தா கேள்வி வரத்தான் செய்யும்.

எல்லா சரக்குக்கும் இது சரிப்படாது, அதையும் சொல்லிடணும். ஒரே நாள்ல ஒரு டன் தக்காளி பறிக்கிறவங்களுக்கு ஒட்டன்சத்திரம், கோயம்பேடு மாதிரி பெரிய மொத்த மார்க்கெட்டுதான், சந்தையில உக்காந்து கிலோ கிலோவா போட்டு தீராது. நாலஞ்சு வகையை கொஞ்சம் கொஞ்சமா போட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறவங்களுக்குத்தான் இது சரியான இடம், கீரை, வெண்டை, அவரை, கூடவே கொய்யாவோ பப்பாளியோ நாலு மரம் இருந்தா அதுவும். கீரையை முந்தின நாள் சாயந்திரமே அறுத்து கட்டு கட்டி ஈரச்சாக்கு போத்தி வெச்சா காலைல இலை விறைப்பா நிக்கும், எட்டு மணிக்குள்ள காலியாயிடும். இடமும் நிரந்தரமா இதுதான் உங்க கடைன்னு கிடையாது, அதனால நேரத்தோட போறது நல்லது. போர்டுல போட்ட விலைக்கு மேல விக்கக்கூடாது, வெயில் ஏறினதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறதை குறைச்சு குடுத்துட்டு கிளம்புறது உங்க இஷ்டம்.

மனு குடுக்க போறவங்க காலைல ஆறு மணிக்கே போய் நிக்காதீங்க, அப்போ அவங்க விலை எழுதுறது, தராசு குடுக்கிறதுன்னு ஓடிட்டு இருப்பாங்க. பத்து மணிக்கு மேல கூட்டம் குறைஞ்சதும் போனா உக்கார வெச்சு என்ன பேப்பர் குறையுதுன்னு சொல்லுவாங்க, எல்லாத்துலயும் ஒரு ஜெராக்ஸ் கூடுதலா எடுத்துட்டு போங்க.